பெயர் சொல்லலாமா?

ரத்தினபாய் டீச்சருக்குக் கை முந்தும், யோசனை பிந்தும். சேலையூரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஒரு வீட்டில் தலைவலி என்று காதில் விழுந்தால் போதும். அடுத்த நிமிஷம் சுக்குக் காப்பியோடு அந்த வாசலில் நிற்பாள். தலைவலிக்குக் காரணம் புருஷன் பெண்டாட்டி சண்டையாக இருக்கும். சண்டை இன்னும் முடிந்திருக்காது. இரண்டு பேருக்கும் நடுவே டீச்சர் தம்ளரை நீட்டிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, வெளியே போயிருந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு உபகாரமாக இருக்கட்டும் என்று கொடியில் கிடந்த புடவைகளை அள்ளி, அழகாக மடித்து வைத்தாள். அவை அன்று காலைதான் சாயம் முக்கிக் காயப்போட்டவை. மஞ்சளில் நீலமும் நீலத்தில் மஞ்சளும் ஏறி, அந்த அம்மாள் ஒரு மாசம் டீச்சரோடு பேசவில்லை.

அவள் கணவர் தயாளனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அவர் சொல்லுவார்: "ஆண்டவர் உன்னை அனுப்பும்போது கையையும் காலையும் மட்டும் பாசஞ்சர்ல ஏத்திட்டார். மத்ததை கூட்ஸ்ல போட்டார். அது எந்த ஷெட்ல கிடக்குதோ!"

டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டாள். "வரும்போது வரட்டும். அதுவரைக்கும் கையாவது வேலை செய்யுதே," என்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்த புதன்கிழமை. பரீட்சைத் தாள்கள் திருத்தியதில் குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்ப நேரமாகிவிட்டது. வழக்கமாகப் பிடிக்கும் மின்சார ரயிலை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறினாள். வண்டி சானடோரியம் ஸ்டேஷனில் நின்றபோது, இடுப்பில் குழந்தையும் கையில் காலி டிபன் கேரியருமாக ஒரு பெண் பெண்கள் பெட்டியில் ஏறினாள். டீச்சரைக் கண்டதும் அவள் முகம் சுண்டிப் போயிற்று. மறுபடி இறங்கிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவள் பெயர் பியூலா. சேலையூரில் டீச்சர் தெருவிலேயே, கங்கையம்மாள் வீட்டின் பின்கட்டில் குடியிருப்பவள். வந்து ஐந்து மாசம்தான் ஆகிறது. கணவன் சாலமோன் கம்பெனி டிரெயினிங்குக்காகப் பெங்களூர் போயிருக்கிறான் என்று சபையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

"என்னம்மா, இங்கே யாரைப் பார்க்க வந்தே?" என்று டீச்சர் கேட்டாள்.

பியூலா குழந்தை யூனிஸின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சானடோரியம் ஆஸ்பத்திரிக்குக் கேரியரோடு யாரைப் பார்க்க வருவார்கள் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தாம்பரத்தில் இறங்கி, கேம்ப் ரோடு பக்கம் நடந்தபோதுதான் பேச்சு வந்தது. "அவர் பெங்களூர் போகலைக்கா. நாலு மாசமா இங்கேதான் இருக்கார். டி.பி. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்னு சொல்றாங்க. ஆனா நல்லாயிடும்னும் சொல்றாங்க."

"ஐயோ, இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?"

"முன்னே பல்லாவரத்துல இருந்தோம். சும்மா சந்தேகம்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை வீட்டுக்காரர் பார்த்துட்டார். ரெண்டே நாள்ல சாமானைத் தூக்கி வெளியே வெச்சுட்டார். கைக்குழந்தையோட வாசல்ல நின்னேன். இங்கேயும் கங்கையம்மாவுக்குத் தெரிஞ்சா அதே கதிதான். இந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு நான் எங்கேக்கா போவேன்? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களைக் கும்பிடறேன்."

"சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள் டீச்சர். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

ஆனால் வியாழனும் வெள்ளியும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று கை துறுதுறுத்தது. மனுஷரிடம் சொல்லக் கூடாது, சரி. ஆண்டவரிடம் சொல்லலாம் அல்லவா? ஆண்டவர் 'யாரோ' ஒருவர் ஆகிவிடுவாரா? இப்படித்தான் அந்த நல்ல மனசு தனக்குத்தானே ஒரு வழி வெட்டிக்கொண்டது.

சேலையூர் கிறிஸ்தவக் கோயிலின் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. சுகமில்லாதவர்கள், வேலை தேடுகிறவர்கள், மன பாரம் உள்ளவர்கள் தங்கள் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைச் செயலர் தனசிங் அவற்றை எல்லார் முன்னும் உரக்க வாசிப்பார். சபை முழுக்க எழுந்து நின்று ஜெபிக்கும். தனசிங் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டு, வெண்கல மணி போன்ற குரல். சீட்டில் இருப்பதில் ஓர் எழுத்தைக்கூட விடமாட்டார் என்று பெயர் வாங்கியவர். ஒரு மாமியார், 'என் மருமகள் சரோஜினி காலையில் சீக்கிரம் எழுந்திருக்க' என்று எழுதிப் போட்டபோது அதையும் முகத்தில் சிரிப்பில்லாமல் வாசித்தவர். அதோடு, 'மாமியார் இரவில் சீக்கிரம் உறங்கவும்' என்று சேர்த்தே வாசித்தார். அந்த இரண்டாம் பாதியை எழுதிப் போட்டது யார் என்று சபையில் ஒரு வருஷம் பேச்சு நடந்தது.

சனிக்கிழமை பெண்கள் எல்லாரும் கோயிலைக் கழுவி அலங்கரித்தார்கள். மறுநாள் அறுப்பின் பண்டிகை; விளைச்சலின் முதல் பலனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்து, ஆராதனைக்குப் பிறகு ஏலம் விடும் நாள். நெற்கதிரும் கரும்பும் வாழையுமாகத் தூண்களில் கட்டி முடித்ததும், ரத்தினபாய் பெட்டியருகே போய் நின்றாள். கைப்பையிலிருந்து சீட்டை எடுத்தாள். டீச்சர் அல்லவா, விவரத்தில் குறை வைக்கவில்லை. 'சேலையூர் கங்கையம்மாள் வீட்டில் குடியிருக்கும் சகோதரி பியூலாவின் கணவர் திரு. சாலமோன் நான்கு மாதமாகச் சானடோரியத்தில் காசநோயால் படுத்திருக்கிறார். அவர் பூரண சுகம் பெறச் சபையார் ஊக்கமாய் ஜெபிக்கவும்.'

சீட்டு உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. இரண்டு நாள் பாரம் இறங்கிவிட்டது போல இருந்தது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை. தயாளன் பந்தல் வேலைக்கென்று முன்னாலேயே போய்விட்டார். டீச்சர் தனியாக நடந்துகொண்டிருந்தபோது பின்னால் ரிக்‌ஷா மணி கேட்டது. ரிக்‌ஷாவில் கங்கையம்மாள். சேலையூரில் பரம்பரையாக நிலம் உள்ள குடும்பம். கழுத்தில் கெட்டிச் சங்கிலி, நெற்றியில் பெரிய குங்குமம். மடியில் ஒரு பெரிய பூசணிக்காயைப் பிள்ளையை வைத்திருப்பது போல அணைத்து வைத்திருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, நடந்தே போறியே! வா, ஏறிக் குந்து. பூசணிக்காய நவுத்திக்கிறேன்."

"நீங்களும் கோயிலுக்கா வர்றீங்க?"

"இன்னா புதுசா கேக்கற? வருசா வருசம் வர்றதுதானே. மொதல் காய் உங்க சாமிக்கு, ரெண்டாவது காய் எங்க அம்மனுக்கு. ரெண்டு எடத்துலயும் சொல்லி வச்சா ஒரு எடத்துலயாவது காதுல வுழுமில்ல?" கங்கையம்மாள் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "ஏலம் வுடற வரைக்கும் உள்ளாறதான் குந்திக்கினு இருப்பேன். உங்க சாரு சீட்டு படிப்பாரே, அத கேக்கறதுக்கோசரமே வரலாம். ரேடியோ பொட்டி தோத்துச்சு போ!"

ரிக்‌ஷா போய்விட்டது. அதில் ஏறாமல் டீச்சர் நடுத்தெருவிலேயே நின்றாள்.

சனிக்கிழமையிலிருந்து அவள் மனசில் இருந்ததெல்லாம் ஆண்டவரும் சீட்டும்தான். நடுவில் தனசிங்கின் வெண்கலக் குரல் இருக்கிறது, அந்தக் குரலுக்கு முன்னால் இருநூறு பேர் இருக்கிறார்கள், அந்த இருநூறில் கங்கையம்மாள் ஒருத்தியாக இருப்பாள் என்பது இப்போதுதான் உறைத்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் பியூலாவின் வீடு போய்விடும். தன்னை நம்பி, கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பெண்ணாயிற்றே.

உடனே கால்கள் பரபரத்தன. ஓடிப் போய்க் கங்கையம்மாளிடம், 'உங்கள் மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது' என்று ஒரு பொய் சொன்னால்? அந்த அம்மாள் பதறிக்கொண்டு போவாள்; மாடு கட்டுத்தறியில் நிற்கும்; ஏன் என்னை விரட்டினாள் என்று அடுத்த கேள்வி வரும். பியூலாவிடம் ஓடி, இன்றைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொன்னால்? அது பல்லாவரத்து வீட்டுக்காரர் செய்ததையே இவளும் செய்வதாகும். பெட்டியை உடைத்துவிட்டால்? அதை நினைத்ததும் அவளுக்கே திக்கென்றது.

சாலையோரத்து வேப்பமரத்தடியில் ஒதுங்கிக் கண்ணை மூடினாள். அவளுடைய ஜெபங்கள் எப்போதும் நீளமானவை; அதைச் செய்யும், இதைச் செய்யும் என்று ஆண்டவருக்கே வேலை ஒதுக்கித் தரும் ஜெபங்கள். அன்றைக்கு ஒரே வரிதான் வந்தது: "ஆண்டவரே, நான் எதையும் செய்வதற்கு முன்னால் என்னைக் கொஞ்சம் நிறுத்தும்."

நின்றாள். ஒரு வண்டி போயிற்று. ஒரு சைக்கிள் போயிற்று. மனசு கொஞ்சம் தெளிந்தது. பொய் எதுவும் உதவாது. தப்பைச் செய்தது நான்தான் என்று போய் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரே ஆள் தனசிங் சார். அவர் தன்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

கோயிலின் பக்க அறையில் தனசிங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து நான் ஒரு சீட்டுப் போட்டேன்."

"தெரியும் டீச்சர். கரும்பலகையில எழுதற மாதிரி ஒருத்தர்தானே எழுதுவாங்க."

"அதை எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க சார்."

"ஏன்?"

எழுத்துப் பிழை இருக்கிறது, தேதி தப்பு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "அது என்னோட ரகசியம் இல்ல சார். அந்தப் பொண்ணோடது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டு, மூணாம் நாள் எழுதிப் போட்டுட்டேன். அவங்க வீட்டுக்கார அம்மா கங்கையம்மா இன்னிக்குக் கோயிலுக்கு வந்திருக்காங்க. நீங்க வாசிச்சா அந்தப் பொண்ணு தெருவுல நிக்கும்."

தனசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "திருப்பித் தர முடியாது டீச்சர்."

"சார்!"

"நேத்தே அடுப்புல போட்டுட்டேன். பெயர் இருக்கிற சீட்டை நான் வெச்சிருக்கறதில்ல." மேஜைமேலிருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொட்டுக் காட்டினார். "சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் திறப்பேன். யாராவது இன்னொருத்தர் பெயரை எழுதியிருந்தா, அவங்க வீட்டுக்குப் போய், 'பெயர் சொல்லலாமா?'ன்னு கேட்டுட்டு வருவேன். அப்புறம்தான் இதுல எழுதுவேன். நான் காத்து வாங்க சைக்கிள்ல போறேன்னு ஊர்ல நினைச்சுக்கறாங்க. நினைக்கட்டும்."

டீச்சருக்குச் சட்டென்று ஒன்று விளங்கிற்று. "அப்ப, அந்த மாமியார் சீக்கிரம் உறங்கணும்னு வாசிச்சீங்களே..."

"மருமகள்கிட்ட போய்க் கேட்டேன். 'தாராளமா வாசிங்க சார், கூட இதையும் சேர்த்துக்குங்க'ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு." தனசிங்கின் மீசை லேசாக அசைந்தது. பிறகு குரல் தணிந்தது. "ரொம்ப வருஷம் முன்னே, கேக்காம ஒண்ணை வாசிச்சுட்டேன். அந்தக் குடும்பம் அதுக்கப்புறம் எந்தக் கோயில்லயும் கால் வைக்கலை."

"பியூலாவையும் போய்ப் பார்த்தீங்களா?"

"தெருக் குழாய்கிட்ட தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கேட்டேன். அழுதாங்க. காலையில சொல்றேன்னாங்க. இன்னும் காணோம்." நோட்டைத் திறந்தார். ஒரே பக்கத்தில் இரண்டு பத்திகள் இருந்தன. "பெயரோட ஒண்ணு எழுதியிருக்கேன், பெயர் இல்லாம ஒண்ணு. அந்த அம்மா வந்து தலையாட்டினா முதல் பத்தி. இல்லேன்னா, 'ஆண்டவர் அறிந்த ஒரு சகோதரர்'. அவ்வளவுதான். நீங்க போய் உக்காருங்க."

மணி அடித்தது. டீச்சர் பெண்கள் பக்கத்துப் பாயில் போய் உட்கார்ந்தாள். நெற்கதிரின் வாசனையும் கொய்யாப்பழ வாசனையுமாகக் கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் காய்கறிக் குவியலின் உச்சியில் கங்கையம்மாளின் பூசணி ராஜா மாதிரி வீற்றிருந்தது. அந்த அம்மாள் தூணோரமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

பியூலா வரவில்லை. வரமாட்டாள், அதுதான் நல்லது, பெயரில்லாத பத்தியை வாசித்துவிடுவார் என்று டீச்சர் மனசைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாம் பாட்டு முடிகிற நேரத்தில், யூனிஸைத் தோளில் போட்டுக்கொண்டு பியூலா உள்ளே வந்தாள். கண் வீங்கியிருந்தது. டீச்சரைப் பார்த்தாள், பார்வையை எடுத்துக்கொண்டாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அந்த ஒரு பார்வை டீச்சருக்குப் பிரம்படி போல விழுந்தது. எழுதியது தான்தான் என்று பியூலாவுக்குத் தெரியும். வேறு யார் எழுதியிருக்க முடியும்?

தனசிங் நோட்டோடு எழுந்து வந்தார். ஒரு பாட்டியின் முழங்கால் வலி, ஒரு பையனின் ரயில்வே பரீட்சை, கோவிலம்பாக்கத்தில் பிரசவத்துக்குப் போயிருக்கும் ஒரு பெண் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

பியூலா தலையை ஆட்டினாள். ஆம் என்று.

"சேலையூர் சகோதரி பியூலாவின் கணவர் சாலமோன்," என்று வெண்கலக் குரல் எழுந்தது, "நான்கு மாதமாகச் சானடோரியத்தில் காசநோயால் படுத்திருக்கிறார். அவருடைய மனைவிக்கும், யூனிஸ் என்ற குழந்தைக்கும் பெலன் உண்டாகவும், அவர் சுகமாய் வீடு திரும்பவும் விண்ணப்பிப்போம்."

சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. டீச்சருக்குத் தூணோரம் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கங்கையம்மாள் எழுந்து நின்றிருந்தாள். அம்மன் சந்நிதியில் கும்பிடுவது போலவே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் குவித்திருந்தாள். "நல்லபடியா எயுந்து வரணும் சாமி அந்தப் புள்ள!" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தனசிங்கின் குரல் ஒரு வினாடி தடுமாறியது. பிறகு, "ஆமென்," என்றார். சபையும் சொல்லிற்று.

ஆராதனை முடிந்து, பந்தலில் ஏலத்துக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் நேரே கங்கையம்மாளிடம் போனாள். "அம்மா, உங்களுக்கு..."

"எனக்கு நேத்தே தெரியும். அந்தப் பொண்ணே வந்து சொல்லிச்சு. வெளக்கு வைக்கற நேரத்துல வந்து, என் எதிர்ல நின்னுகினு, 'அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்'னு அழுவுது. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு!" கங்கையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா? பெங்களூரும் இல்ல, ஒண்ணும் இல்ல, அந்தப் பையன் எவளையோ இட்டுகினு ஓடிட்டான்னு நெனச்சேன். ஒரு லெட்டர் வரல, ஒரு ஆளு வரல. நாலு மாசமா அவன வாய்க்கு வந்தபடி திட்டிகினு கீறேன். அம்மன்கிட்ட போயி, 'அவன் கால ஒடிச்சுப் போடு தாயே'ன்னு கூட வேண்டிகினேன். பாவம், அது நோவுல படுத்துகினு கீது. இப்ப அத்தையெல்லாம் வாபஸ் வாங்கணும் நானு!"

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம் இன்னா பயம்? கேட்டேன். 'உனக்கும் பாப்பாவுக்கும் நெஞ்ச படம் புடிச்சுப் பாத்தாங்களா?'ன்னேன். 'பாத்தாங்க, ஒண்ணும் இல்ல'ன்னுச்சு. அப்புறம் இன்னா? எங்க வூட்டுக்காரரு இருவது வருசம் அந்த ஆஸ்பத்திரிக்குப் பால் ஊத்தினாரு. நோவு எங்க கீது, எங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா? வூட்ட காலி பண்ணச் சொல்லுவேன்னு பயந்துச்சாம். நல்லா பயந்துச்சு போ! அதுவும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு பேரும் செவுத்துக்கு ரெண்டு பக்கமும் பொலம்பிகினு கெடந்தோம்." ஏலம் தொடங்கும் கூச்சல் கேட்டது. "இரு, என் காய எவனாவது கம்மியா கேட்டுடப் போறான்," என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பியூலா பந்தலின் ஓரத்தில் தனியாக நின்றிருந்தாள். ரத்தினபாய் அவள் எதிரே போய் நின்றாள். பேச்சு எளிதாக வரவில்லை. "நான் வாக்குத் தவறிட்டேன்மா. ஜெபம்னு நினைச்சேன். உன்னை நினைக்கலை. மன்னிச்சுடு."

பியூலா யூனிஸைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நேத்து தனசிங் சார் வந்து கேட்டதும் உங்க மேல அவ்வளவு கோபம் வந்துச்சுக்கா. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்மா. இருக்க வேண்டியதுதான்."

"ஆனா ஒண்ணு சொல்றேன். இவருக்கு இப்படி ஆனதிலேருந்து ஆளாளுக்கு எனக்கு உத்தரவுதான் போட்டாங்க. ஒருத்தர் வெளியே போன்னாங்க. இவரோட அம்மா, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. சார் ஒருத்தர்தான், 'அம்மா, பெயர் சொல்லலாமா, வேண்டாமா? உங்க இஷ்டம்'னு கேட்டார். அவ்வளவு பெரியவர், குழாயடியில, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நின்னு கேட்டார். அதுக்குத்தான்கா அழுதேன். கேட்டப்புறம் எனக்கே ஒரு தைரியம். வேற வாயால தெரியறதுக்கு முன்னாடி நானே கங்கையம்மாகிட்ட சொல்லிடணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன். நாலு மாசத்துல நேத்துதான் தூங்கினேன்."

டீச்சரின் கண்கள் நிறைந்தன. தான் போட்டுவிட்ட சிக்கலை வேறு ஒரு கை பொறுமையாக எடுத்து, அறுந்துபோகாமல் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தூரத்தில் தனசிங் ஒரு வாழைத்தாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏலம் கூறிக்கொண்டிருந்தார். அவருக்கு நன்றி சொல்லப் போனால் கையை அசைத்துத் துரத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்தே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதற்குள் நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஆட்டுக்கால் சூப் என்றாள், ஒருத்தி முட்டை என்றாள், ஒருத்தி மீனெண்ணெய் என்றாள். எல்லாம் அன்புதான். ரத்தினபாயின் வாயிலும் சூப்தான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அவர்கள் கலைந்ததும் கேட்டாள்: "உனக்கு நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்லும்மா."

பியூலா தயங்கினாள். "வார்டுக்குள்ள குழந்தையை விடமாட்டாங்கக்கா. வாசல்ல கடலை விக்கிற கிளியம்மாகிட்ட இவளை விட்டுட்டுப் போவேன். நல்ல மனுஷிதான். ஆனா அங்கே உக்காந்திருந்தாலும் என் காது வாசல்லதான் இருக்கும். புதன்கிழமை ஒரு மணி நேரம் யாராவது இவளைத் தூக்கி வெச்சிருந்தா..." நிறுத்திவிட்டு மெல்லத் தொடர்ந்தாள். "வேலிக்கு இந்தப் பக்கம் நின்னா தாழ்வாரத்துலேருந்து அவரும் இவளைப் பார்க்கலாம். பார்த்து நாலு மாசமாச்சு. ஆனா அவர் ரொம்ப மெலிஞ்சு போயிட்டார்கா. தெரிஞ்சவங்க யாரும் தன்னை அப்படிப் பார்க்கறது அவருக்குப் பிடிக்கலை."

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ரத்தினபாய் நாலரை மணி வண்டியில் வந்து சானடோரியத்தில் இறங்கினாள். பியூலா ஸ்டேஷனில் காத்திருந்தாள். குழந்தையைக் கை மாற்றிக்கொண்டு கம்பி வேலியோரம் மர நிழலில் வந்து நின்றார்கள். இருபது முப்பது கஜத்துக்கு அப்பால் வார்டின் நீளமான தாழ்வாரம். பியூலா கேரியரோடு உள்ளே போனாள்.

யூனிஸ் கொஞ்ச நேரம் டீச்சரின் கண்ணாடியைப் பிடுங்கினாள், வளையலைக் கடித்தாள், பிறகு தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். தாழ்வாரத்துக் கதவு திறந்தது. சாம்பல் நிறப் போர்வை ஒன்று, பக்கத்தில் பியூலாவின் நீலப் புடவை. அவ்வளவுதான் டீச்சர் பார்த்தாள்.

குழந்தையை எழுப்பி, உயரத் தூக்கி, 'இதோ பார் அப்பா!' என்று காட்ட அவள் கைகள் துடித்தன. ஒரு கணம் அப்படியே நின்றாள். தூங்கும் பிள்ளையை எழுப்பினால் அழும். அழுகிற முகத்தையா அவன் நாலு மாசம் கழித்துப் பார்க்க வேண்டும்? தூக்கிக் காட்டினால் தானும் அவனை நேருக்கு நேர் பார்க்க நேருமே. அவன் வேண்டாம் என்றது அதைத்தானே?

ரத்தினபாய் மெதுவாகத் திரும்பினாள். தாழ்வாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோளில் சாய்ந்து தூங்கும் குழந்தையின் முகம் இப்போது நேரே தகப்பனைப் பார்த்திருந்தது. முந்தானை மறைக்காதபடி ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் முன்னால் ஒரு வேலியும், சருகும், ஓர் ஆட்டுக்குட்டியும் மட்டுமே இருந்தன. பின்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படவும் இல்லை. கால் மரத்துப் போகிறவரை அசையாமல் நின்றாள். 'ஸ்தோத்திரம் ஆண்டவரே,' என்று மட்டும் உதடு சொல்லிக்கொண்டே இருந்தது. தப்பு செய்தவள் கையிலும் ஒரு பிள்ளையை நம்பிக் கொடுக்கிறார்களே, அதற்காக.

வெகு நேரம் கழித்துப் பியூலா வந்து தோளைத் தொட்டாள். கண் சிவந்திருந்தது; முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்துட்டார்கா. கண்ணு எடுக்காம பார்த்தார். மூக்கு என்னை மாதிரி இல்ல, அவரை மாதிரியாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார்," என்றாள் ரத்தினபாய், அவரைப் பார்க்காமலே.